சிபாரிசும் ஒரு மகாராஜா சேரும்

எங்கள் தெருவை அடைத்தது என்னுடைய கம்புகள்தான். நுனியில் நீலப் பெயிண்ட் அடித்த சவுக்குக் கம்புகள். களவு போகாமல் இருக்க நானே அடித்த பெயிண்ட். கொரோனாவின் இரண்டாவது அலை வந்த அந்தக் கோடையில், கடலூர் முதுநகரில் எந்தத் தெருவில் நோய் கண்டாலும் முனையில் கம்பு நட்டுத் தகரம் கட்டி அடைத்தார்கள். அந்த வேலையை எடுத்த கான்ட்ராக்டர் கம்பையும் தகரத்தையும் என் கடையில்தான் வாடகைக்கு எடுத்தார். சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுவது என் தொழில். கல்யாணமும் காதுகுத்தும் கோயில் திருவிழாவும் நின்றுபோன நாட்களில் ஊரில் கம்பு நட்டது இரண்டே காரியத்துக்குத்தான். ஒன்று சாவு. இன்னொன்று, சாவு வந்துவிடப் போகிறதே என்று தெருவை அடைப்பது.

என் மனைவிக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்த அன்று, என் கம்பாலேயே என் தெருவை அடைத்தார்கள். முடிச்சு சரியாக விழவில்லை என்று எனக்கு வாசலில் நின்றே தெரிந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தது. சொல்லவில்லை.

இந்தக் கூச்சத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தல் கேட்டு வருகிறவர்களிடம்கூட விலையைச் சொல்லிவிட்டு நான் வேறு பக்கம் பார்ப்பேன். அஞ்சாவது வரை படித்த பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் எழுந்து நிற்காதவன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு அந்தக் கவலையும் விட்டது, ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் பேசுவதற்கென்றே ஒருவர் இருந்தார். என் மனைவியின் அண்ணன். பக்கத்துத் தெருவில் வீடு. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதானாலும் கரண்டு கனெக்‌ஷன் வாங்குவதானாலும் மச்சான் முதலில் கேட்பது, "யார பிடிக்கலாம்?" என்பதுதான். நேராகப் போய் வரிசையில் நிற்பது அவருக்கு மானக்கேடு. ஈஸ்டர் பூசைக்கு முன்வரிசையில் இடம் வேண்டும் என்று சர்ச்சில் பூசை வேலைகளைப் பார்க்கிற உபதேசியாரிடம் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைக்கிறவர் அவர். எங்கள் ஊரில் இவர் ஒருவர் மட்டும் இப்படி இல்லை. திறந்த கதவு வழியாகப் போகக்கூட ஒரு சிபாரிசு வேண்டும் என்று நினைக்கிற ஊர் எங்களுடையது.

முதலில் காய்ச்சல். பிறகு இருமல். அரசாங்க முகாமில் எங்கள் இரண்டு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். மறுநாள் இருமல் அதிகமாகவே மச்சான் போனில் சொன்னார்:

"மாப்ள, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பக்கம் போயிடாத. அங்க போனவன் நடந்து திரும்பறது இல்ல. மஞ்சக்குப்பத்துல ஒரு நர்சிங் ஹோம் இருக்கு. என் பேரச் சொல்லு."

போனோம். அந்த நர்சிங் ஹோமின் பெயர் வேண்டாம். அதுவே இப்போது பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மச்சான் பேரைச் சொன்னேன். அவள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"ரிசல்ட் இருக்கா?"

"இல்லீங்க. நேத்து தான் எடுத்தாங்க."

"ரிசல்ட் இல்லாம சேக்க மாட்டோம். வந்ததும் வாங்க."

திரும்பி வந்தோம். ரிசல்ட் போனில் வந்தது. என் மனைவிக்குப் பாசிட்டிவ். என்னுடைய ரிசல்ட் அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. எனக்குக் கொரோனா இருந்ததா இல்லையா என்பது எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்.

மனைவியை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன்.

"பாசிட்டிவா?" என்று அந்தப் பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மேனேஜர் வருவாரு."

மேனேஜர் வந்தார். அவர் பேசியதில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை, ஏனென்றால் அவர் பேசியது என் தொழில் பாஷை. மூன்று பேக்கேஜ் இருக்கிறது என்றார். சாதா, அதற்கு மேல் ஒன்று, ஏசி. என்னிடமும் பந்தலில் அந்த மூன்றுதான்: சாதா, ஜாலர் வைத்தது, ஏசி. டாக்டர் வந்து பார்த்தால் ஒரு ரேட், டாக்டர் வராமல் போனில் பார்த்தால் ஒரு ரேட். கவச உடைக்குக் காசு நாங்கள்தான் கட்ட வேண்டும், உடுத்திக்கொள்கிறவர்கள் அவர்கள். நானாவது நாற்காலிக்கு உறை போட்டால்தான் உறைக்குக் காசு வாங்குவேன்.

"ஆக்ஸிஜன் தனிங்க," என்றார் கடைசியில்.

"மூச்சுக்குத் தனியா?" என்று கேட்டுவிட்டேன். அந்த வாரத்தில் புதிய ஆளிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்கக் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். "எடுத்துக்குவோம்ங்க. ஆனா இன்னிக்கு சர்வர் இல்ல," என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். "அது நம்ம கையில இல்லியே. நீங்க அட்வான்ஸ் கட்டிடுங்க. சர்வர் வந்தா கழிச்சிக்கலாம்." அட்வான்ஸ் எவ்வளவு என்றும் சொன்னார். கடையையும் வண்டியையும் சேர்த்து விற்றால் அட்வான்ஸ் கட்டலாம். மீதிப் பில்லுக்கு விற்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோதுதான் தெருமுனையில் என் நீல நுனிக் கம்புகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை உள்ளே விட்டுவிட்டு மிச்சத் தகரத்தைக் கட்டினார்கள். வாசலெல்லாம் ப்ளீச்சிங் பவுடர். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. முந்தின வாரம்வரை எங்கள் வீட்டிலிருந்து மீன்குழம்பு வாங்கிப்போன வீடு அது.

சாயங்காலம் மச்சான் வந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம், நன்றாகத் தள்ளி நின்றார். விரலில் மாட்டி மூச்சு அளவு பார்க்கிற சின்ன மெஷினை ஒரு பையில் போட்டு, தகரத்துக்கு மேலே எறிந்தார். அது சாக்கடை ஓரமாக விழுந்தது.

"தைரியமா இருக்கணும் மாப்ள. பயந்தா தான் ஜாஸ்தி ஆவும்," என்று கத்தினார். சொல்லிவிட்டு இன்னும் இரண்டடி தள்ளிப் போனார்.

அன்று இரவும் மறுநாளும் நான் செய்தது இரண்டு வேலைதான். மனைவியின் விரலில் மெஷினை மாட்டுவது. மச்சானுக்குப் போன் போடுவது.

"மச்சான், தொண்ணூத்தி மூணு காட்டுது."

"அது பழைய மெஷினு. எனக்கே தொண்ணூத்தி ஏழு தான் காட்டிச்சு."

"தொண்ணூத்தி ஏழு நல்லது தானே மச்சான்."

"அதான் சொல்றேன். அத நம்பக் கூடாது."

நர்சிங் ஹோமில் கேட்ட அட்வான்ஸைச் சொன்னேன். தங்கைக்குக் கௌரவமான இடம் வேண்டும் என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அதற்கு ஆகிற செலவுதான் அவருடைய காதில் விழாது. "சரி, கவர்மெண்ட்லயே பாத்துடலாம்," என்றார். "ஆனா சும்மா போனா தரையில போட்டுடுவான். ஆள வெச்சிப் போனா தான் கட்டிலு. வட்டச் செயலாளர் கிட்ட சொல்லியிருக்கேன். அவரு மாவட்டத்துல ஒருத்தர் கிட்ட சொல்றாரு. அங்கேருந்து போன் வந்ததும் கிளம்பு. அது வரைக்கும் வீட்ட வுட்டு நவுராத."

வட்டச் செயலாளர் என்பவர் எங்கள் பகுதியில் கட்சிக்குப் பொறுப்பாளர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. என் கடை நாற்காலியில் அவர் உட்காராத பொதுக்கூட்டம் கிடையாது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்று நானும் நம்பினேன்.

போன் வரவில்லை. நான் கூப்பிட்டால் மச்சான், "லைன்ல தான் இருக்கேன் மாப்ள, ஒரு மணி நேரம் பொறு," என்பார். அந்த ஒரு மணி நேரம் இரண்டு நாள் ஓடியது. நடுவில் அவர் அனுப்பிய கபசுரக் குடிநீர்ப் பொடி, நொச்சி இலை, மிளகு, ஒரு ஜெபமாலை எல்லாம் தகரத்துக்கு மேலே பறந்து வந்தன. அவர் வீட்டில் பறக்காதது அவர் மட்டும்தான்.

இப்போது யோசித்தால் கணக்கு புரிகிறது. அந்த நேரத்தில் ஊரில் மூச்சுத் திணறிய அத்தனை பேருக்கும் ஒரு மச்சான் இருந்திருப்பார். அத்தனை மச்சான்களும் யாரையாவது பிடித்துக்கொண்டு லைனில் இருந்திருப்பார்கள். எல்லார் லைனும் நிரம்பி வழிய, நோயாளிகள் மட்டும் வீட்டில் விரலை நீட்டிக்கொண்டு படுத்திருந்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மெஷின் எண்பத்தெட்டு காட்டியது. விரலைத் துடைத்து மாட்டினேன். எண்பத்தேழு. என் மனைவி அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அந்த வீட்டில் சிரிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

"எங்கண்ணன்... போன் வர்றதுக்குள்ள... எனக்குப் பூசையே வெச்சிடுவாங்க போல இருக்கு."

நான் முதன்முறையாக மச்சானைக் கேட்காமல் 108-க்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவள் அதற்கெல்லாம் இடம் தரவில்லை. வயது கேட்டாள், மூச்சு அளவு கேட்டாள். "கடலூர்ல இப்ப பெட் காலி இல்லீங்க. சிதம்பரத்துல பெரிய ஆஸ்பத்திரியில எடுக்கறாங்க. ஆனா வண்டி வர லேட்டாவும், நெறைய பேரு வெயிட்டிங்ல இருக்காங்க. உங்க கிட்ட வண்டி எதனா இருந்தா கிளம்பிடுங்க," என்றாள்.

"சிபாரிசு எதனா..." என்று இழுத்தேன்.

"இன்னாது?"

"ஒண்ணும் இல்லீங்க."

வண்டி இருந்தது. குட்டியானை என்று ஊரில் சொல்கிற சின்ன லோடு வண்டி. நாற்காலியும் பாத்திரமும் ஏற்றுகிற வண்டி. முன்னால் என் பக்கத்தில் அவளை உட்கார வைத்துப் பார்த்தேன். இடுக்கமான சீட், இன்ஜின் சூடு. முட்டி இடிக்க, குனிந்து உட்கார்ந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. "பின்னாடி காத்தா இருக்கும்... அங்க ஏறிக்கறேன்," என்றாள். பின்னால் படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் முதல் பள்ளத்திலேயே அவளும் நாற்காலியும் ரோட்டில் இருப்பார்கள்.

வீட்டையொட்டிய ஷெட்டில் மகாராஜா சேர் இருந்தது. ரிசப்ஷனில் மாப்பிள்ளையையும் பொண்ணையும் உட்கார வைக்கிற சேர். கனமான மரம், உயரமான முதுகு, அகலமான கை, சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் தங்கப் பெயிண்ட், உச்சியில் இரண்டு மயில். ஊரடங்கில் ஒரு கல்யாணம் நின்றுபோனதால் போகாமல் கிடந்தது. அந்த வீட்டில் அவளைச் சாய்த்து, நிமிர்த்தி, அசையாமல் உட்கார வைக்கக்கூடிய ஒரே சாமான் அதுதான். தனியாளாக அதை வண்டியில் எப்படி ஏற்றினேன் என்று தெரியவில்லை. பிறகு ஒரு முறை முயன்றபோது முடியவில்லை. நான்கு காலையும் வண்டிக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். அவளை உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றிச் சாமியானாத் துணி ஒன்றைத் தளர்வாகக் கட்டினேன்.

அவள் கைப்பிடியின் தங்கப் பெயிண்டைத் தடவிப் பார்த்தாள்.

"நம்ம கல்யாணத்துக்கு... இரும்பு மடக்கு நாற்காலி. சாவறதுக்கு... மகாராஜா சேரா?"

"பேசாம வா," என்றேன். முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

தெருமுனையில் தகரம். என் கடை ஆட்கள் கட்டியிருந்தால் நேரம் பிடித்திருக்கும். கான்ட்ராக்டரின் ஆட்கள் கட்டிய முடிச்சு, இழுத்ததும் வந்தது. வண்டியை வெளியே எடுத்தேன். பிறகு இறங்கிப் போய், தகரத்தை மறுபடி கட்டினேன். இந்த முறை ஒழுங்காக. அரசாங்கம் அடைத்த தெருவைத் திறந்து போட்டுவிட்டுப் போக எனக்குப் பயமாக இருந்தது. வண்டியில் மனைவி மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்க, முடிச்சின் அழகைச் சரி பார்த்துக்கொண்டிருந்த புருஷன் நான். அவள் இதை இன்றும் சொல்லிக் காட்டுவாள். எதிர்வீட்டு ஜன்னல் அப்போதுதான் ஒரு விரல் அளவு திறந்தது.

சிதம்பரம் ரோட்டில் ஈ காக்கை இல்லை. மெதுவாகத்தான் ஓட்டினேன். பள்ளம் வந்தால் கண்ணாடியில் பின்னால் பார்ப்பேன். அவள் தெரியமாட்டாள், சேரின் மயில்கள் மட்டும் ஆடும். அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை தலையை வெளியே நீட்டிக் கத்துவேன். அவள் வண்டியின் தகட்டில் ஒரு தட்டுத் தட்டுவாள். அதுதான் எங்கள் ஏற்பாடு.

சிப்காட் தாண்டும்போது வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். கெமிக்கல் கம்பெனிகளின் நாற்றத்துக்கு, அந்தப் பக்கம் போகிற எல்லாரும் மூக்கைப் பொத்துகிற இடம். முகக்கவசத்தையும் மீறி எனக்குத் தொண்டை எரிந்தது.

"சிப்காட் வந்துடுச்சா?" என்றாள்.

"இங்க தான் நிக்கிறோம்."

"நாத்தமே இல்லியே," என்றாள். கொஞ்ச நேரம் மூக்கால் இழுத்துப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லியே."

அதுவரை எனக்கு வந்த பயம் வேறு. அங்கே வந்த பயம் வேறு. அந்த வாசனையையே ஒரு மூக்கு விட்டுவிட்டது என்றால் உள்ளே வேறு என்னென்ன விட்டுப்போயிருக்கும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு பள்ளத்தைப் பார்த்து ஓட்டவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டி போலீஸ் கை காட்டினார்கள். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் வண்டியைப் பார்த்தார், சேரைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார்.

"யோவ், ஊரடங்குல ஊர்வலமா? பொண்ணு மட்டும் தான் இருக்குது. மாப்ள எங்கய்யா?"

"நான் தாங்க," என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. கம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே என் மனைவி ஒரு இருமல் இருமினாள். அவர் போன வேகத்தைவிடத் திரும்பிய வேகம் அதிகம். "போ, போ, போய்க்கினே இரு," என்று தூரத்திலிருந்தே தடுப்பைக் காலால் தள்ளினார். இ-பாஸ் கேட்கவில்லை. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே சிபாரிசு அந்த இருமல்தான்.

சிதம்பரம் ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஆம்புலன்ஸ், ஆட்டோ, கார். என் வண்டி ஒன்றில்தான் மயில் இருந்தது. மச்சான் இரண்டு நாளாக எனக்கு மனப்பாடம் செய்ய வைத்திருந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். கவச உடையில் ஒரு நர்ஸ் நின்றிருந்தார்; கண் மட்டும் தெரிந்தது.

"அம்மா, முதுநகர் வட்டச் செயலாளர் அனுப்பிச்சாரு. மாவட்டத்துலேருந்து உங்களுக்கு..."

"யாரு அனுப்பிச்சா இன்னாண்ணே, மூச்சு எவ்ளோ?"

"எண்பத்தேழு."

"பேஷண்ட் எங்க?"

காட்டினேன். அவர் சேரைப் பார்த்து ஒரு விநாடி நின்றார். சிரித்திருப்பாரா, தெரியாது, முகம் மூடியிருந்தது. விரலில் மெஷின் மாட்டினார். "சேரோட எறக்குங்க. எறக்கி வாசல்லயே போடுங்க," என்று இரண்டு பேரைக் கூப்பிட்டார். சிலிண்டர் வந்தது. மூக்கிலும் வாயிலுமாக மாஸ்க்கை மாட்டினார்கள். கட்டில் காலியாகும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும் என்றார்.

"நல்லா சாஞ்சு உக்காரும்மா. மூச்சு நல்லா வரும்."

அவ்வளவுதான். அட்வான்ஸ் இல்லை, பேக்கேஜ் இல்லை, சர்வர் இல்லை. யாரைத் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் நாங்கள் எந்தக் கதவுக்குச் சாவி தேடிக்கொண்டிருந்தோமோ, அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது.

வாசலில் தரையில் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சாய்ந்து, ஆளுக்கொரு குழாயோடு. அதில் எங்களுக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வெள்ளை வேட்டி இல்லாமல் கைலியில் இருந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது. எங்கள் வட்டச் செயலாளர்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மச்சான்.

"மாப்ள, எங்க போய்ட்ட? எதிர்வீட்டுல சொல்றாங்க, சேரக் கட்டிக்கினு போய்ட்டேன்னு. புத்தி இருக்குதா? இப்ப தான் வட்டச் செயலாளர் கிட்ட பேசிட்டு வெச்சேன். அவரு கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்காரு. முடிஞ்சதும் சொல்றேன்னாரு."

நான் பாயில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு குழாயைப் பிடித்திருந்தார்.

"சரி மச்சான்," என்றேன்.

சாயங்காலம் போல் உள்ளே ஒரு கட்டில் காலியானது. எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. என் மனைவியை உள்ளே கொண்டுபோனார்கள். நான் சேரை வண்டியில் ஏற்ற ஆள் தேடினேன். நர்ஸ் தடுத்தார்.

"இத இங்கியே வுட்டுட்டுப் போங்கண்ணே. தரையில உக்காந்தா இவுங்களுக்கு முடியல."

வட்டச் செயலாளர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

"இதுல... நான் உக்காந்துக்கலாமா?"

எத்தனையோ மேடையில், எத்தனையோ நாற்காலியில் யாரையும் கேட்காமல் உட்கார்ந்தவர். நானும் நர்சும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உட்கார வைத்தோம். "எங்க மச்சான் ரெண்டு நாளா உங்களுக்குப் போன்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை மட்டும் ஆட்டினார். போன் எங்கே இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்று அர்த்தம்.

அந்த வாசலில் சேர் எங்கள் இருவரையும்விட அதிக நாள் வேலை செய்தது. என் மனைவி உள்ளே இருந்த நாளெல்லாம் நான் மரத்தடியில் வண்டியில் படுத்திருந்தேன். காலையில் பார்த்தால் சேரில் ஒருவர், மாலையில் வேறு ஒருவர். பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தபோது என்னிடம், "சவுதில அவ்ளோ வருஷம் இருந்தேன் தம்பி, ஒரு அரபியும் என்ன இப்படி உக்கார வெக்கல," என்றார். மறுநாள் அவர் சேரில் இல்லை. உள்ளே கட்டிலுக்குப் போனார் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் நடந்துதான் வெளியே வந்தாள். மெலிந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆனால் நடந்து. ஒரு பில்லும் தரவில்லை. ஒரு சீட்டும் இரண்டு பொட்டலம் மாத்திரையும் தந்தார்கள். திரும்பும்போது முன் சீட்டிலேயே உட்கார்ந்தாள். சிப்காட் வந்தபோது முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தினாள்.

"கருமம், நாறுதுங்க. சீக்கிரம் ஓட்டுங்க."

நான் வேகத்தைக் குறைத்தேன். அந்த ரோட்டில், அந்த இடத்தில், மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சந்தோஷமாக மெதுவாகப் போன ஒரே வண்டி என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஊரில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. மச்சான்தான் வட்டச் செயலாளரைப் பிடித்து, மாவட்டத்தில் சொல்லி, சிதம்பரத்தில் கட்டில் வாங்கிக் கொடுத்தார் என்று. சொன்னவர் மச்சான். பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள்கூட என்னிடம், "நல்ல மச்சான் கிடைச்சிருக்காருப்பா உனக்கு," என்றார்கள். நான் தலையாட்டினேன். ஆனால் அந்த நல்ல மச்சான் ஆறேழு மாதம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அவர் வீட்டுக்கு நாங்கள் போனால் எங்களுக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ வந்தது.

பிறகு சேர் திரும்பி வந்தது. ப்ளீச்சிங் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, புது வெல்வெட் தைத்தேன். மரம் அதே மரம். மயில் அதே மயில்.

மச்சான் மகளுக்குக் கல்யாணம் கூடியது. கல்யாணமெல்லாம் திரும்ப வந்து, முகக்கவசத்தை எல்லாரும் மறந்துவிட்ட காலம். பந்தலும் நாற்காலியும் என் பொறுப்பு. பொண்ணுக்கு அத்தை வீடு என்கிற முறையில் வாடகை பேசுவதில்லை என்று அவரே முடிவு செய்துவிட்டார். மேடைக்கு எது போடலாம் என்று கேட்டபோது, "அந்த மயில் சேரு தான் வேணும். புது வெல்வெட்டு பளபளன்னு இருக்குது," என்றார்.

ரிசப்ஷனுக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் வரவில்லை. போட்டோகிராபர் லைட் பார்க்க வேண்டும் என்றதால் மச்சான் தாமே போய் மகாராஜா சேரில் உட்கார்ந்தார். கால்மேல் கால். மேடைக்கு முதலில் வந்தவர் வட்டச் செயலாளர். பழைய வெள்ளை வேட்டிக்குத் திரும்பியிருந்தார். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, மச்சான் உட்கார்ந்தபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவரு மட்டும் அன்னிக்கு ஒரு போன் போடலன்னா என் தங்கச்சி இன்னிக்கு இல்ல. இதோ நிக்குது பாருங்க."

வட்டச் செயலாளர் என் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சேரின் உச்சியில் இருந்த மயில்களை வெகுநேரம் பார்த்தார்.

"நான் யாருக்கும் போன் போடலியே," என்றார். "நானே ஆஸ்பத்திரி வாசல்ல பாய் மேல கிடந்தேன். இந்தம்மா எழுந்ததுக்கு அப்புறம் என்னத் தூக்கி இதே சேர்ல தான் உக்கார வெச்சாங்க. இது அந்த சேர் தானே?"

எனக்கு உடனே பாத்திர எண்ணிக்கை பார்க்க வேண்டிய அவசரம் வந்துவிட்டது. அதற்குள் மச்சான் கால்மேல் போட்ட காலை இறக்கி, சேரின் நுனிக்கு நகர்ந்திருந்தார்.

"அதே தாங்க," என்றாள் என் மனைவி. "நீ ஏண்ணே நுனியில உக்காந்திருக்க? நல்லா சாஞ்சு உக்காரு. மூச்சு நல்லா வரும்."

மச்சான் எழுந்தார். அவசரப்படவில்லை, தங்கப் பெயிண்ட் பூசிய கைப்பிடியில் கை படாமல், முழங்காலில் மட்டும் கையை ஊன்றி எழுந்தார். பட்டு வேட்டியின் பின்பக்கத்தை ஒரு முறை தட்டிவிட்டுக்கொண்டார். பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பந்தி நடந்தது.

பந்தலில் நூற்றுக்கணக்கில் நாற்காலி கிடந்தது. மச்சான் கடைசிவரை எதிலும் உட்காரவில்லை. எல்லாம் என் கடை நாற்காலி.